இன்னும் தரையிறங்காத பயணி

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பாதிக்கு ஓட்டவே தெரியாது என்பது அவளுடைய கட்சி. முப்பத்தொரு வருஷமாக ஓட்டுநர் பயிற்சி கொடுக்கிறாள். வண்டிக்குள்ளிருந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவள் போடுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்க, ஊர் அவளைக் கிளட்ச் அக்கா என்றே கூப்பிட்டது. அவளுக்கு அதில் கோபம் ஒன்றும் இல்லை. "நல்லவேளை, பிரேக் அக்கான்னு கூப்பிடாம விட்டாங்களே" என்பாள்.

அவளுடைய வண்டி ஒரு சின்ன வெள்ளைக் கார். ஓட்டுகிறவர் பக்கம் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கைக்கும் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். அந்தப் பக்கத்து இருக்கைதான் அவளுக்குச் சிம்மாசனம். கற்றுக்கொள்ள வந்தவர் கைகால் வெலவெலத்து மதில்சுவரைப் பார்த்து வண்டியை விடும்போது, அவள் பேச்சை நிறுத்தாமல் காலை மட்டும் அழுத்துவாள். பஸ்ஸில் போனாலும் அந்தக் கால் சும்மா இருக்காது. திருப்பம் வந்தால் தரையை மிதிக்கும், முன்னால் இருப்பவர் திரும்பி முறைப்பார். இத்தனை பேரை ஓட்ட வைத்தவள் தனக்கென்று ஒரு நாள்கூட நீளமாக ஓட்டியதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பயிற்சி வண்டிக்கு ஊர் எல்லையைத் தாண்ட அனுமதி கிடையாது. நாற்பதுக்கு மேல் போனால் அதற்கே உடம்பு நடுங்கும்.

ஆனால் பெட்ரோல் மட்டும் குடம் குடமாகக் குடிக்கும். வழக்கமாகப் போடுகிற பங்கில் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். போடும்போதெல்லாம் தேய்த்தால் புள்ளி ஏறும். ஏறின புள்ளி ஒரு விமான நிறுவனத்தின் உறுப்பினர் கணக்கில் போய்ச் சேரும். பதின்மூன்று வருஷம் தேய்த்தாள். விமானத்தின் படிக்கட்டில்கூடக் கால் வைக்காதவளுக்கு அந்த நிறுவனம் தவறாமல் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியது. போன வருஷம் 'வெள்ளி உறுப்பினர்' என்று பதவி உயர்வு வேறு. "தரையிலேயே ஓட்டி வெள்ளி வாங்கின ஒரே ஆள் நான்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

அவளோடு ஒரே வீட்டில் இருப்பது அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகன் வேறு நாட்டில் வேலையில் இருக்கிறான். நாத்தனார் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. எந்தத் தாளை நீட்டினாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கிற ஜாதி. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரையின் கீழ் என்றால் நித்தம் ஒரு யுத்தம் இருக்கும் என்று எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தார் ஏமாந்துதான் போனார்கள். அவர்களுக்குள் சண்டை உண்டு, இல்லாமலா? மின்விசிறியை இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்பதோடு அது முடிந்துவிடும்.

நாத்தனாருக்கு இருந்த ஒரே பைத்தியம் கேரம். பின்னறையில் ஒரு பலகை, அதன் தலைக்கு மேல் தொங்கும் பல்பு, ஜன்னல் விளிம்பில் பவுடர் டப்பா. வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் போய் உட்காருவாள். எதிரில் ஆள் இல்லாவிட்டால் என்ன, இரண்டு பக்கமும் அவளே ஆடுவாள். ஜெயிக்கிற பக்கத்தைத் திட்டுவாள், தோற்கிற பக்கத்துக்கு யோசனை சொல்வாள்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு அவள் ஒரு பெரிய போட்டியின் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தாள். ஆட்டத்தன்று காலையில் ஸ்டிரைக்கரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே கிளட்ச் அக்காவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. கணவர் வெளியூரில். நாத்தனார் செருப்போடு உள்ளே ஓடி வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள், ரத்தம் கொடுத்தாள், நகராமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் எதிராளி ஒரு காயைக்கூடத் தொடாமல் கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

"விடுங்க அண்ணி, பலகை எங்க ஓடிடப் போகுது" என்று நாத்தனார் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. பலகை ஓடவில்லைதான், வருஷங்கள் ஓடிவிட்டன. அம்மாவுக்கு நோய், அண்ணனுக்கு நோய், இடமாற்றம் என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. அக்காவுக்கு மட்டும் அந்த நாள் நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. மகன் பிறந்தநாள் வரும்போதெல்லாம் அந்த முள் ஒரு தடவை குத்தும்.

இந்த வருஷம் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான போட்டி. நாத்தனார் மூன்று சுற்று ஜெயித்து மறுபடியும் இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றாள். ஆட்டம் ஒரு மலையூரில், ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்குள் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஆட்டம் எதிராளிக்குப் போய்விடும். சனிக்கிழமை சாயங்காலம் வரை நாத்தனார் தபால் கவுண்டரை விட்டு எழுந்திருக்க முடியாது. ரயில் பிடித்தால் ஞாயிறு காலை ஒன்பதுக்குள் பெருநகரத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து மலையூர் நூற்றைம்பது கிலோமீட்டர். பஸ்ஸோ மூன்று மணிக்குத்தான் மேலே போய்ச் சேரும்.

நாத்தனார் வழக்கம்போல "விடுங்க அண்ணி" என்று வாயைத் திறந்தாள். அக்கா முடிக்க விடவில்லை.

"நான் கூட்டிட்டுப் போறேன். என் காசுல இல்ல, என் புள்ளியில. கார் எடுத்து நானே ஓட்டுறேன்."

சாப்பாட்டு மேஜையில் கணினியை வைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். விமான நிறுவனத்தின் பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு குடும்பம் காரில் சாய்ந்து நின்றது. புள்ளிகளைக் கொடுத்தால் வாடகைக் கார், வேறு எதுவும் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே எறும்பு ஊர்வதுபோல என்னென்னவோ எழுத்துகள். புள்ளிக்குக் கொடுக்கும் வண்டி விமான நிலையத்தில் மட்டும்தான் கிடைக்கும் என்பது தெரிந்தது. போகட்டும், ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நகர ரயில் இருக்கிறதே.

"விமானமே ஏறாம ஏர்போர்ட்டுக்குப் போற முதல் ஆளுங்க நாமதான்" என்றாள் நாத்தனார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசிக் கட்டத்துக்கு முன்னால் ஒரு பெட்டி: 'பயண எண்'. பக்கத்தில் சிவப்பாக ஒரு நட்சத்திரம். நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. பயணத்துக்கு ஏது எண்? முப்பத்தொரு வருஷமாக எந்தப் படிவத்தில் எந்த எண்ணைக் கேட்டாலும் அவள் கை எழுதிப் பழகியது ஒன்றே ஒன்றுதான், பயிற்சி வண்டியின் எண். அதன் கடைசி இரண்டு எழுத்தையும் நான்கு இலக்கத்தையும் தட்டினாள். பெட்டி பச்சையாகி வழிவிட்டது. மின்னஞ்சலில் உறுதிச் சீட்டும் வந்தது. நாத்தனார் அதை அச்செடுத்து முன்னும் பின்னும் படித்தாள்.

"இது என்ன அண்ணி, மூலையில 16:40ன்னு இருக்கு?"

"அது அவங்க கணக்கு ஏதாவது இருக்கும். நமக்கெதுக்கு?"

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு இரண்டு பேரும் விமான நிலையத்தின் வாடகைக் கார் கவுண்டர் முன்னால் நின்றார்கள். நாத்தனாரின் தோளில் பை, பைக்குள் ஸ்டிரைக்கர். கவுண்டரில் கழுத்தில் பச்சைக் கர்ச்சீப் கட்டிய ஒரு பெண் திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"புக்கிங் இருக்கு மேடம். ஆனா நீங்க இன்னும் வரலையே."

"வந்துதானே உங்க முன்னாடி நிக்கிறேன்?"

"இல்ல மேடம், உங்க ஃப்ளைட் இன்னும் இறங்கல. சாயங்காலம் நாலு நாப்பதுக்குத்தான் இறங்குது. இப்ப கடல் மேல வந்துட்டிருக்கு."

"யாரு?"

"நீங்கதான் மேடம்."

விஷயம் புரிய அக்காவுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவளுடைய பயிற்சி வண்டியின் எண்ணிலேயே, எந்தக் குளிர்தேசத்திலிருந்தோ ஒரு விமானம் தினமும் கிளம்பி வந்துகொண்டிருந்திருக்கிறது. விமான எண்ணைக் கொடுத்துவிட்டால் வண்டி அந்த விமானம் இறங்குகிற நேரத்துக்குத்தான் ஒதுக்கப்படுமாம். மதில்சுவரைத் தவிர வேறெங்கும் ஏற முயலாத அந்த வெள்ளைக் கார் இப்போது கடல் மேல் பறந்துகொண்டிருந்தது.

"அது என் கார் நம்பர்மா. நான் ரயில்ல வந்தேன். நேரத்தை மாத்திக் கொடு."

"என்னால முடியாது மேடம். புள்ளியில எடுத்த புக்கிங்கோட நேரத்த நாங்க தொடவே கூடாது. ஏர்லைன்தான் மாத்தணும்."

ஏர்லைனைக் கூப்பிட்டார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல் பன்னிரண்டு நிமிஷம் சொல்லிக்கொண்டே இருந்தது. முக்கியமாக இருந்தால் எடுத்துத் தொலைப்பதற்கென்ன? கடைசியில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"உங்க ஃப்ளைட்ட மாத்தினீங்கன்னா கார் நேரம் தானா மாறிடும் மேடம்."

"எனக்கு ஃப்ளைட்டே இல்லம்மா."

"அப்ப எந்த ஃப்ளைட்ட மாத்தணும் மேடம்?"

"இல்லாத ஃப்ளைட்ட!"

"அதுக்கு டிக்கெட் எண் சொல்லுங்க மேடம்."

ரத்து செய்தால் பதின்மூன்று வருஷப் புள்ளியும் திரும்பி வராது. புதிதாகப் போட்டால் நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத்தான் வண்டி. இல்லையென்றால் கவுண்டரில் பேசுங்கள், அவர்கள்தானே வண்டி கொடுக்கிறவர்கள் என்றாள் தேன்குரல். கவுண்டர் ஏர்லைனைக் காட்ட, ஏர்லைன் கவுண்டரைக் காட்ட, நடுவில் நின்ற இரண்டு பெண்களையும் நன்றாகப் பந்தாடினார்கள். சரி, காசு கொடுத்தே எடுக்கிறோம் என்று கேட்டுப் பார்த்தாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை, எல்லா வண்டியும் ஏதாவது ஒரு விமானத்துக்குக் காத்திருக்கிறது என்று பதில் வந்தது. வெளியே டாக்சிக்காரர்கள் மலைப்பாதை என்றதும் கையை விரித்தார்கள். வருகிறேன் என்ற ஒருவரும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மலையேறும் அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்னார். அவர் கேட்ட தொகைக்கு நாத்தனார், "வண்டியையும் சேர்த்தா விக்கிறீங்க?" என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

மணி பத்து இருபது. நாத்தனார் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"விடுங்க அண்ணி. வீட்டுக்குப் போயிடலாம். பலகை எங்க ஓடிடப் போகுது."

அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் அக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கவுண்டர் பெண் மேல் இல்லை, தேன்குரல் மேலும் இல்லை. தன் மேல்தான் அவ்வளவு கோபம். அன்றைக்கும் தன்னால்தான், இன்றைக்கும் தன்னால்தான். அன்றைக்காவது வலி. இன்றைக்கு வெறும் அசட்டுத்தனம், கார் நம்பரைப் போட்ட அசட்டுத்தனம். இவள் இப்படிச் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை வீட்டுக்குத் திரும்பினால், தனக்குச் சோறு இறங்காது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கவுண்டருக்குத் திரும்பி, இரண்டு கையையும் அதன் மேல் ஊன்றினாள்.

"ஏம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லு. உங்ககிட்ட எந்த ஃப்ளைட்டுக்கும் காத்திருக்காத வண்டி ஒண்ணுகூடவா இல்ல?"

கர்ச்சீப் பெண் சிரித்துவிட்டாள். "ஒண்ணு இருக்கு மேடம். அது யாருக்கும் காத்திருக்கல. எட்டுப் பேர் உக்காரும் வேன். கியர் வண்டி. கீழ்த்தளத்துல மூலையில மாட்டிக்கிட்டு நாலு நாளா நிக்குது. எடுக்கப் போன ரெண்டு பேரும் பம்பரைத் தேச்சுட்டு வந்துட்டாங்க. உங்களால எடுக்க முடிஞ்சா, அதே புள்ளிக்குப் பெரிய வண்டியா மாத்திக் கொடுக்கிற அதிகாரம் எனக்கே இருக்கு. புது ஒப்பந்தமா போட்டுடுவேன், ஏர்லைனக் கேக்க வேண்டியதில்ல."

அக்கா தன் உரிமத்தை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். இருசக்கரம், கார், வேன், பஸ், லாரி, பயிற்றுநர் என்று அதில் ஒரு வரி விடாமல் முத்திரை இருந்தது. அந்தப் பெண் அதைப் படித்து முடிப்பதற்குள் அக்கா மாடிப்படியில் இறங்கத் தொடங்கிவிட்டாள்.

கீழ்த்தளத்தில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற யார்டுக்காரர் சாவியை நீட்டினார். வேன் மூக்கை மூலைக்குள் விட்டபடி நின்றது. ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், இன்னொரு பக்கம் தடித்த தூண். பின்னால் சுவர் வரை ஒரு கார் நீளம்கூட இல்லை. உள்ளே எப்படிப் போனது என்பதே அதிசயமாக இருந்தது.

"இப்ப வர்றவங்களுக்கு மூணாவது பெடல் எதுக்குன்னே தெரியல. அது காலை வெக்கிற இடம்னு நினைக்கிறாங்க. பாத்து எடுங்கம்மா" என்றார் யார்டுக்காரர்.

அக்கா வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கண்ணாடிகளை மடக்கினாள். தூணுக்கும் வேனுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரிகிற இடமாகப் பார்த்து நாத்தனாரை நிறுத்தினாள்.

"எவ்வளவு இடம் இருக்குன்னு சொல்லிட்டே இரு. பயந்து கத்தாதே. அளவு மட்டும் சொல்லு."

ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். கிளட்சை மிதித்ததும் அந்த வேன் அவளுக்குப் பழகிய ஆளாகிவிட்டது. நூல் பிடித்ததுபோலப் பின்னால் வந்தாள்.

"மூணு காய் இடம் இருக்கு அண்ணி" என்றாள் நாத்தனார்.

யார்டுக்காரர் விழித்தார். அக்காவுக்குப் புரிந்தது. கேரம் காயின் அகலம் அவளுக்கும் வீட்டில் பார்த்துப் பார்த்துப் பழக்கம்தான்.

"ரெண்டு காய். ஒண்ணரை. இப்ப திருப்புங்க. இன்னும் திருப்புங்க. ஒரு காய். அரைக் காய், நில்லுங்க! முன்னாடி போங்க. போதும். மறுபடி பின்னாடி. ரெண்டு காய். மூணு. வாங்க, வாங்க, ஒரு பலகையே போடலாம், வாங்க!"

ஐந்து தடவை முன்னும் பின்னும். ஆறாவது தடவை வேன் நீளவாக்கில் பாதைக்கு வந்து நின்றது. தூணில் கீறல் இல்லை, குழாயில் கீறல் இல்லை. யார்டுக்காரர் கை தட்டிவிட்டார். முப்பத்தொரு வருஷத்தில் அக்காவுக்கு யாரும் கை தட்டியதில்லை. கற்றுக்கொண்டு போகிறவர்கள் 'அப்பாடா' என்று ஓடுவதோடு சரி. முகம் மலர்ந்துபோய், "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

மேலே அடுத்த பூதம் காத்திருந்தது. முன்பணத்துக்குக் கடன் அட்டை வேண்டும், அதுவும் வண்டி ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும். அக்காவிடம் இருந்தது சேமிப்புக் கணக்கின் அட்டை. புள்ளியில் எடுத்தால் எதுவும் தர வேண்டியதில்லை என்றுதானே போட்டிருந்தது என்று அவள் கேட்டாள். வாடகைக்குத்தான் புள்ளி, முன்பணத்துக்கு இல்லை என்றாள் கர்ச்சீப் பெண். அவள் முகமும் வாடித்தான் போயிருந்தது. வேனைப் பார்த்த பிறகு அவளும் இவர்கள் கட்சிக்கு வந்துவிட்டாள்.

"என்கிட்ட கடன் அட்டை இருக்கு" என்றாள் நாத்தனார்.

"நீங்க ஓட்டலையே மேடம்."

நாத்தனார் உறுதிச் சீட்டைத் திருப்பினாள். தபால் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்த விரல், எறும்பு எழுத்துகளின் வரிசையில் நேராக ஓர் இடத்தில் போய் நின்றது.

"இங்க பாரும்மா. வெள்ளி உறுப்பினருக்குக் கூடுதல் ஓட்டுநர் ஒருத்தர் இலவசம். ரெண்டு ஓட்டுநர்ல யாரோட அட்டையா இருந்தாலும் ஏத்துக்குவோம்னு ஒன்பதாவது வரியில நீங்களே எழுதியிருக்கீங்க."

"படிச்சேன் மேடம். ஆனா கூடுதல் ஓட்டுநருக்கு உரிமம் வேணுமே."

நாத்தனார் உரிமத்தை எடுத்து வைத்தாள். இருபது வருஷத்துக்கு முன் அண்ணி கற்றுக்கொடுத்து வாங்கிய உரிமம். வாங்கிய மறுநாளே எதிர்வீட்டு மதிலை இடித்துவிட்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்தவள் அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. புதுப்பிக்கிற வருஷம் வரும்போதெல்லாம் அக்காதான் வற்புறுத்தி அழைத்துப்போய்க் கையெழுத்துப் போட வைப்பாள். அந்த உரிமத்தை ஒருவர் கையில் வாங்கி மரியாதையாகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

"அனுபவம் உள்ளவங்களா?" என்று கேட்டாள் கர்ச்சீப் பெண்.

"ஒரு விபத்து. அதுக்கப்புறம் இருபது வருஷம் ஒரு கீறல்கூட இல்ல" என்றாள் நாத்தனார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பதினொன்று ஐந்துக்கு வேன் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தது. எட்டு இருக்கையில் இரண்டு பேர், ஒரு ஸ்டிரைக்கர். நகரம் முடிந்து நெடுஞ்சாலை விரிந்ததும் அக்கா மூன்றிலிருந்து நான்குக்கு மாற்றினாள், நான்கிலிருந்து ஐந்துக்கு. ஐந்தாவது கியரை அவள் மாணவர்களுக்கு வாயால் மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வண்டி குலுங்காமல் பறந்தது. பக்கத்தில் பிடிவாதமாக ஸ்டீயரிங்கைத் தப்பாகத் திருப்புகிற ஆள் இல்லை, திட்ட வேண்டிய அவசியம் இல்லை, நிறுத்தச் சொல்லி ஊர் எல்லைப் பலகை இல்லை. தன்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்தாள். ஐம்பத்தாறு வயதில் இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மலையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் நாத்தனார் பக்கத்து இருக்கையில் தரையை மிதித்தாள்.

"அங்க பிரேக் இல்ல" என்றாள் அக்கா.

"தெரியும். நம்பிக்கைக்கு மிதிக்கிறேன்."

பதினோராவது வளைவில் ஒரு லாரி திணறி நின்று, பின்னால் வரிசை கட்டியது. மணி ஒன்று பத்து. ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுக்கப் பயந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா இறங்கிப் போனாள். லாரியின் ஜன்னலுக்குக் கீழே நின்று அவள் போட்ட "கிளட்ச்! முழுசா மிதி! இப்ப விடு, மெதுவா!" என்ற சத்தத்தில் மலையே எதிரொலித்தது. லாரி உறுமிக்கொண்டு ஓரத்துக்கு ஏறியது. வரிசையில் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்து வாழ்த்தின. அவள் நின்று கும்பிடு வாங்கவில்லை, ஓடி வந்து ஏறினாள்.

போட்டி நடந்த மண்டபத்தின் வாசலில் வேன் நின்றபோது ஒன்று ஐம்பத்து நான்கு. நாத்தனார் இறங்கி ஓடினாள். அவள் ஓடி அக்கா பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நடுவர் மேஜையில் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். எதிராளி ஏற்கெனவே உட்கார்ந்து விரல்களுக்குச் சொடுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். வங்கியில் பெரிய பதவியில் இருப்பவள், போன வருஷமும் கோப்பை அவளுக்குத்தான். நாத்தனார் கையெழுத்துப் போட்டுவிட்டு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

முதல் ஆட்டம் அவள் கையைவிட்டுப் போனது. மூச்சே இன்னும் நிலைக்கு வரவில்லை, காய் எங்கே நிலைக்கும்? இரண்டாவதில் மெல்ல மெல்லக் கை பேசத் தொடங்கியது. இரண்டு பக்கமும் தானே ஆடிய ஆயிரம் சாயங்காலங்கள் அந்த விரலில் இருந்தன. எதிராளி என்ன நினைக்கிறாள் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது, அந்தப் பக்கமும் எத்தனை தடவை உட்கார்ந்தவள்! இரண்டாவது ஆட்டம் அவளுக்கு. மூன்றாவதில் இரண்டு பேரும் ஒட்டி ஒட்டி வந்தார்கள். கடைசிச் சுற்று. மூலைக்குப் பக்கத்தில் சிவப்புக் காய், அதற்கு முன்னால் மறைத்துக்கொண்டு ஒரு கறுப்பு. நாத்தனார் குனிந்து பார்த்தாள். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் அரைக் காய் இடம்.

அக்கா கூட்டத்தின் பின்வரிசையில் நின்றாள். கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

ஸ்டிரைக்கர் விளிம்பில் பட்டுத் திரும்பி, அந்த அரைக் காய் இடத்தில் ஓரத்தை மட்டும் நுழைத்துச் சிவப்பைக் குழிக்குள் தள்ளியது. அடுத்த அடியில் வெள்ளை விழுந்து அதை உறுதி செய்தது. அதற்கடுத்த அடியில் கடைசி வெள்ளையும் விழுந்தது. மண்டபம் முழுக்கக் கைதட்டல். எதிராளி எழுந்து வந்து நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

கோப்பை பெரியது ஒன்றும் இல்லை, பித்தளை நிறத்தில் ஒரு சாண் உயரம். வேனுக்கு வந்ததும் நாத்தனார் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா சாவியைப் போட்டாள், ஆனால் திருப்பவில்லை. நாத்தனார் முன்கண்ணாடியைப் பார்த்தபடி பேசினாள்.

"அண்ணி, அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்ததுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல." கோப்பையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். "பொய். பட்டேன். உங்க பிள்ளையை முதல்ல கையில வாங்கினது நான்தான். அந்த நேரத்துலகூட என் ஒரு கண்ணு சுவத்துக் கடிகாரத்துலதான் இருந்துச்சு. அது ரொம்பத் தப்புன்னு இத்தனை வருஷமா யாருகிட்டயும் சொல்லல."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியில் பவுடர் இன்னும் போகவில்லை.

"நான் படுத்திருந்த இடத்துலேர்ந்து அந்தக் கடிகாரம் தெரிஞ்சுது" என்றாள். "நீ பாத்ததும் தெரிஞ்சுது."